செடி அழுவுது

காலையில் நான்கு மாத்திரை, இரவில் மூன்று என்று என்னைப் போலவே எண்ணி விழுங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னவர்களும் படிக்கலாம். ஆனால் குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக எண்ணி வாழ்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

என் மருமகள் வீட்டுக்குள் ஒன்பது செடி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கெட்டியான இலைகள் ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். சக்குலென்ட் என்கிறாள். அட்டைப் பெட்டியில் கூரியரில் வந்தன. ஒன்று வழியிலேயே கொஞ்சம் இலை உதிர்த்துவிட்டது. ஆகவே எட்டே முக்கால் என்று நான் சொன்னால் அவளுக்குக் கோபம். ஜன்னலோரம் வரிசையாக வைத்து, போகும்போதும் வரும்போதும் தண்ணீர் விடுகிறாள். மகன் ஆபீஸ் கிளம்பும்போது ஒரு முறை விடுகிறான். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு முறை. நான் ஒரு காகிதத்தில் "தண்ணீர் ஊற்றக் கூடாது" என்று எழுதி ஒட்டினேன். கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினேன். இதுவரை நான்கு காகிதம் போயிருக்கிறது. "செடிக்குத் தண்ணி ஊத்தறதுல கூடவா மாமா கஞ்சத்தனம்?" என்று கேட்டாள் மருமகள். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை குழறுகிறது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை. ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரிகளுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் எங்கள் வீடு. கீழே ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. வெளிப்பக்கமாகப் பதினோரு படி ஏறினால் மாடியில் ஒரு ரூம். கீழே அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நான்கு பேர். மாடியில் ஒரு டைப்பிஸ்ட் குடியிருந்தாள். அரக்கோணத்துப் பெண். தோல் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. தனியாக ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற பெண் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். பக்கத்து நான்கு தெருவையும் சேர்த்துப் பார்த்தேன், அப்போதும் ஒருத்திதான். நாங்கள் மாடியக்கா என்று கூப்பிட்டோம்.

அவளிடம் சொந்தமாக ஒரு பழைய டைப்ரைட்டர் இருந்தது. சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை என் அக்காவுக்கு டைப் சொல்லிக்கொடுப்பாள். அக்காவுக்குப் பதினேழு வயது. ஜோலார்பேட்டையில் ரயில்வேக்கார மாப்பிள்ளை ஒருவரை அத்தை பார்த்து வைத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள். "டைப் பரீட்சை பாஸ் பண்ணட்டும், அப்புறம் பேசலாம்" என்று அப்பா பதில் எழுதச் சொல்வார். எழுதுவது நான். பரீட்சை முடியும்வரை மெஷின் வேண்டும். மெஷின் மாடியில் இருக்க வேண்டுமானால் மாடியக்கா அங்கே குடியிருக்க வேண்டும். இது எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் தெரிந்த கணக்கு.

பங்குனி மாதம் அரக்கோணத்திலிருந்து தந்தி வந்தது. மாடியக்காவின் அப்பா விழுந்துவிட்டார், ஒரு பக்கம் கை கால் வரவில்லை. ஆபீசில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு அன்று மாலையே கிளம்பினாள். ரூம் சாவியை அப்பாவிடம் கொடுத்தாள். "மெஷின் இங்கியே இருக்கட்டும். பாப்பா தினம் ஒரு மணி நேரம் அடிச்சுப் பழகட்டும்" என்று அக்காவைக் காட்டினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, கைப்பிடி உடைந்த ஒரு பீங்கான் கப்பை நீட்டினாள்.

கப்பில் அவளுடைய செடி. பெங்களூரில் ஏதோ கண்காட்சிக்குப் போனபோது வாங்கியது. கல்ரோஜா என்று அவளே பேர் வைத்திருந்தாள். சாம்பல் கலந்த பச்சை. இலைமேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு, பவுடர் தூவின மாதிரி. தொட்டால் தொட்டவருடைய ரேகை இலையில் அப்படியே தங்கிவிடும். போகவே போகாது.

"எத்தனை இலைன்னு எண்ணு" என்றாள்.

எண்ணினேன். "முப்பத்தொண்ணு."

"பாத்தியா. நான் எண்ணினா ஒரு தடவை இருவத்தொம்போது வரும், ஒரு தடவை முப்பது வரும். அதான் உன் கைல குடுக்கறேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை இந்த மருந்து ஸ்பூன்ல மூணு ஸ்பூன். நல்ல தண்ணி. கெணத்துத் தண்ணி தொடாதே. கம்மியானா பரவால்ல, ஜாஸ்தி ஆவக் கூடாது."

"வாடிப்போச்சுன்னா?"

"வாடினாலும் மூணுதான். கப்புல ஓட்டை இல்ல பாரு. ஊத்தின தண்ணி வெளிய போவ வழி இல்ல. ஜன்னல்கிட்ட வெளிச்சத்துல வை, வெய்யில்ல வெக்காதே."

"நீங்க எப்பக்கா வருவீங்க?"

"பதிமூணு ஞாயித்துக்கிழமை எண்ணு. அதுக்குள்ள வந்துடுவேன்."

பதின்மூன்று மூன்று முப்பத்தொன்பது ஸ்பூன். அவள் ரிக்‌ஷா தெருமுனை திரும்புவதற்குள் நான் கணக்குப் போட்டு முடித்திருந்தேன்.

நல்ல தண்ணி என்றால் எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீர். தெருக் கிணற்றுத் தண்ணீர் டேனரிக் கழிவு இறங்கி உப்பும் பழுப்புமாக இருக்கும். பாத்திரம் கழுவலாம், குளிக்கலாம், வாயில் வைக்க முடியாது. விடிகாலையில் அம்மாவும் அக்காவும் பாலாற்று மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு, ஆளுக்கு இரண்டு நடையாக நான்கு குடம் கொண்டு வருவார்கள். அந்த நான்கு குடமும் கீழ் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ஜன்னல் விளிம்பில்தான் கப்பை வைத்தேன்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது அப்பா பேச்சை எடுத்தார். "மூணு மாசம்னு சொல்லிட்டுப் போயிருக்கு. அப்பாருக்குக் கை கால் வரலைன்னா அந்தப் பொண்ணு அவரை வுட்டுட்டு எப்பிடி வரும்? காலி ரூமைப் பூட்டி வெச்சி அழகு பாக்க முடியுமா?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"வருவாங்க" என்றேன். "செடியை வெச்சிட்டுப் போயிருக்காங்க."

"மெஷினையே வுட்டுட்டுப் போயிருக்கு. நீ இன்னா செடியைக் காட்டறே?"

"எங்கிட்ட எண்ணிக் குடுத்திருக்காங்க."

அப்பா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சரிடா. அந்தச் செடி உயிரோட இருக்கற வரைக்கும் ரூமை வுடல. செத்துதுன்னா அன்னிக்கே வேற ஆள் வெப்பேன். போதுமா?"

"எழுதிக் குடுங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதிக் குடுத்துடு. இல்லன்னா சோறு உள்ள எறங்காது இவனுக்கு."

நாற்பது பக்க நோட்டின் முதல் பக்கத்தில் அப்பா அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இடது கைதான் சும்மா இருந்தது என்று இடது கையால் எழுதினார். நான் அதையும் குறித்துக்கொண்டேன். அந்த நோட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மூன்று வீடு மாறியிருக்கிறோம்.

அப்பா டேனரியில் பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிறவர். தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கட்டைவிரலால் ஒரு முறை தடவி, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று ஒரே வார்த்தையில் முடிப்பார். வீட்டிலும் அதே பேச்சுதான். அம்மாவின் ரசம் பெரும்பாலும் செகண்ட். என் மார்க் அட்டையைப் பார்த்து, "ஃபர்ஸ்ட்தான். ஓரத்துல கொஞ்சம் கீறல்" என்பார். கீறல் என்பது சரித்திரப் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மூன்று ஸ்பூன் விட்டு, இலை எண்ணி முடித்ததும், கப்பை எடுத்துப் பார்த்துத் தரம் சொல்வார். முதல் மூன்று வாரமும் செகண்ட். "ஏன் ஃபர்ஸ்ட் இல்ல?" என்று கேட்டேன். "ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லிட்டா நீ தூங்கிடுவே" என்றார்.

இதற்கிடையில் ரூம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் நோட்டில் தனிப் பக்கம் போட்டேன். ஒன்று, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. இரண்டு, மிட்டாய்க்கடை பாயின் மருமகன். மூன்று, புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி. இரண்டு பேரையும் ஒன்றாகவே எண்ணினேன். நான்கு, ஒரு வாத்தியார். ஐந்து, மருந்துக் கம்பெனிக்காரர். ஒவ்வொரு முறையும் நான் ஓடிப்போய்ச் செடியைப் பார்ப்பேன். அப்பா அவர்களைத் தெருமுனைவரை அழைத்துக்கொண்டு போய் ஏதோ பேசுவார், தனியாகத் திரும்பி வருவார். அவர்கள் மறுபடி வர மாட்டார்கள். எங்கள் தெருவில் காற்று ஆற்றுப் பக்கமிருந்து திரும்பினால் சுண்ணாம்புக் குழி வாடையும், ஊறவைத்த ஆவாரம்பட்டை வாடையும், ஈர மயிர் வாடையும் ஒன்றாக வரும். எங்களுக்குப் பழக்கம். வெளியாள் மூக்கைப் பொத்திக்கொள்வான். அதனால் ஐந்து பேருக்கும் நேராக, வராத காரணம் என்ற கட்டத்தில், "நாற்றம்" என்று எழுதினேன். அந்த வாடைக்கு மனதுக்குள் நன்றியும் சொன்னேன்.

சித்திரை பிறந்து வெயில் ஏறியது. மதியம் இரண்டு மணிக்கு ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. ஆற்றில் ஊற்று ஆழத்துக்குப் போய்விட்டது. நான்கு குடம் மூன்றாயிற்று. அம்மா ஆளுக்கு இத்தனை டம்ளர் என்று வைத்தாள். எனக்கு ஐந்து. செடி மட்டும் நன்றாக இருந்தது. நான்காவது ஞாயிறு முப்பத்துமூன்று இலை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறாவது ஞாயிறு எண்ணும்போது அடியிலை ஒன்று வேறு மாதிரி இருந்தது. வெந்த ஜவ்வரிசி போல, உள்ளே வெளிச்சம் தெரிந்தது. அதன் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ச் சொன்னேன்:

"செடி அழுவுது."

எங்கள் பக்கத்துப் பேச்சில் கண்ணீர் விட்டாலும் அழுவுது, கெட்டு அழுகினாலும் அழுவுது. புத்தகத்தில்தான் எழுத்து வேறு. வாயில் ஒரே சத்தம். நான் எதை நினைத்துச் சொன்னேன் என்று இப்போது கேட்டால் எனக்கே நிச்சயமில்லை. சொட்டைப் பார்த்தேன், கண்ணீர் என்றுதான் நினைத்திருப்பேன். அம்மா கண்ணீர் என்று எடுத்துக்கொண்டாள். அக்காவும் அப்படியே. அப்பா தோல்காரர். அவர் காதில் விழுந்த அழுவுது வேறு. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய், கப்பை எடுத்து, தண்டின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"தேர்ட்" என்றார். 

நான் மூன்று ஸ்பூன் கணக்கை விடவில்லை. ஆனால் புதன்கிழமை தொட்டுப் பார்த்தால் மண் ஈரம். ஞாயிறு விட்ட மூன்று ஸ்பூன் புதனுக்கு மிஞ்சாது. அந்த வெயிலில் செவ்வாயே காய்ந்துவிடும். மதியம் படுத்துத் தூங்குவது போல் கிடந்தேன். அம்மா குடத்தில் ஒரு டம்ளர் மொண்டாள். முக்கால் டம்ளர் குடித்தாள். மிச்சத்தைக் கப்பில் ஊற்றினாள்.

"அம்மா, இன்னா பண்றே?"

"தூங்கலையா நீ? ஒரு வாய்தான்டா. என் பங்குலேர்ந்துதான் குடுக்கறேன்."

"அதுக்குக் குடுக்கக் கூடாதும்மா."

"அழுவுதுன்னு நீதானே வந்து சொன்னே? நமக்கே நாக்கு வறண்டுபோவுது. வாய் இருந்தா கேக்கும். வாய் இல்லாததுக்கு நாமதான் பாத்துக் குடுக்கணும்."

அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். விஷயம் கேட்டதும் முகம் மாறிற்று. "நானும்தான்டா" என்றாள். "விடிகாலைல ஊத்துலேர்ந்து வந்ததும் ஒரு கை. அது நல்லா இருந்தாதானே ரூமை வுடாம இருப்பாரு."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"ஒரு கைன்னா எத்தனை ஸ்பூன்?"

"பேஜார் பண்ணாதேடா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நான் குடத்தண்ணீரில் கையை விட்டு மொண்டு, ஸ்பூனால் அளந்து பார்த்தேன். ஒரு கை, நான்கு ஸ்பூன். ஞாயிறிலிருந்து அம்மா ஊற்றிய நான்கு நாளையும் சேர்த்து நூறு ஸ்பூனுக்குமேல் போயிருந்தது. நான் கொடுத்தது பதினெட்டு. அடியில் ஓட்டை இல்லாத கப்பு. வேர் சேற்றில் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் அம்மாவிடம் நல்ல தண்ணி கேட்டு வந்த ஒருவரும் சும்மா திரும்பியதில்லை. மூன்று குடம் இருந்த நாளிலும் தெருவில் போகிற வண்டிக்காரருக்குச் சொம்பு நிறையக் கொடுத்தாள். அவளால் ஒரு செடி தாகத்தோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இது எனக்கு இன்று விளங்குகிறது. அன்று நான் கப்பைச் சுற்றித் துணி கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சாக ஐந்து முடிச்சுப் போட்டு, தொட்டால் சாப்பிட மாட்டேன் என்று சொன்னேன்.

ஈரம் நின்றது, அழுகல் நிற்கவில்லை. சனிக்கிழமை மண்ணெண்ணெய் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பார்த்தால் ஐந்து முடிச்சும் அவிழ்ந்திருந்தது. செடியின் தண்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சமையல் உப்பு இல்லை, கல் கல்லாக, பழுப்பு ஓடின உப்பு. டேனரியில் பச்சைத் தோலுக்குப் போடுவது. மேல் இலை ஒன்றின் வெள்ளைப் பூச்சில் ஒரு கட்டைவிரல் ரேகை, நடுவில் குறுக்கே ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு.

அப்பா வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவை நாங்கள் நீங்க என்றுதான் சொல்வோம். அன்று எனக்கு அது வாயில் வரவில்லை.

"நீதான் கொன்னே. ரூமை வுடறதுக்காக உப்பு போட்டுக் கொன்னுட்டே."

அம்மா ஓடி வந்து முதுகில் வைத்தாள். இரண்டு அடி. மூன்றாவதுக்கு ஓங்கியபோது அப்பா, "வுடு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "அழுவுற தோலுக்கு உப்புதான்டா போடுவோம்."

என்னைக் கிண்டல் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பதினெட்டு நாள் அவரோடு பேசவில்லை.

பிற்காலத்தில் எனக்கு ரயில்வேயில் சரக்கு எண்ணுகிற வேலை. பச்சைத் தோல் கட்டுக்கட்டாக வரும். உப்புச் சரியாக ஏறாத ஒரு கட்டை ஒரு முறை பிரித்துப் பார்த்தேன், உள்ளே அழுகியிருந்தது. அப்போதுதான் அப்பாவின் வாக்கியம் முழுதாகக் காதில் விழுந்தது. அழுகல் என்றால் அவர் கைக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. டேனரி கேட்டில் தினமும் சோதனை போடுவார்கள், ஒரு துண்டுத் தோல் வெளியே போகக் கூடாது. இருபத்திரண்டு வருஷ வேலையில் அப்பா அங்கிருந்து எதையும் கொண்டுவந்தவர் இல்லை. அந்த ஒரு பிடி உப்பை எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவர் இன்னும் பதினான்கு வருஷம் இருந்தார்.

அன்றைக்கு எனக்கு இருந்தது பிடிவாதம் மட்டும். எண்ணி வாங்கியதை எண்ணிக் கொடுக்காமல் விட மாட்டேன். செடியைக் கப்பிலிருந்து எடுத்தேன். தண்டு கையோடு வந்தது. இலைகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தரையில் பரப்பினேன். மொத்தம் இருபத்தொன்பது. அழுத்தினால் கூழாகிறவை இருபத்துநான்கு. கெட்டியாக இருந்தவை ஐந்து. அந்த ஐந்தையும் துணியால் துடைத்து உப்பைப் போக்கி, ஒரு பிஸ்கட் டப்பா மூடியில் காய்ந்த ஆற்று மணல் பரப்பி, அதன்மேல் கிடத்தினேன். ஊன்றவில்லை, எந்தப் பக்கம் ஊன்றுவது என்று தெரியவில்லை. சும்மா படுக்கவைத்தேன். தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை. அதுவும் அறிவினால் இல்லை. தண்ணீர் என்றாலே பயம் வந்திருந்தது.

அம்மாவுக்கு அது தாங்கவில்லை. "பச்சைத் தண்ணி காட்டாம சாகடிக்கறியேடா. உனக்கு மனசே இல்லையா?"

"இல்ல."

"யார் புள்ளடா நீ?"

"மூணு குடத்துக்கும் மூடி போட்டு வைம்மா."

மூடியை எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு போனேன். சாப்பிடும்போது பக்கத்தில், தூங்கும்போது தலைமாட்டில். தெருப் பிள்ளைகள், "டேய், இலைக்குப் பாடை கட்டிட்டான்டா" என்று பின்னால் வந்தார்கள். வரட்டும் என்று விட்டேன். ஐந்தில் இரண்டு சுருங்கிக் கறுத்தன. மூன்று. பிறகு இன்னொன்று. இரண்டு. மாடியில் அக்கா அடிக்கிற சத்தம் கேட்கும். முன்பெல்லாம் ஏழு மணிக்கு நின்றுவிடும், இப்போது எட்டு வரை கேட்டது. மெஷின் இருக்கிற வரைக்கும் அடித்துக்கொள்ளலாம் என்று அடித்தாள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் ஒரு இலையின் பிய்ந்த முனையிலிருந்து ரோஸ் நிறத்தில் நூல் மாதிரி ஒன்று மணலுக்குள் இறங்கியிருந்தது. மறுநாள் மூன்று நூல். அதற்கு அடுத்த வாரம், நூலுக்கு மேலே கடுகளவில் ஒரு பச்சை முடிச்சு. அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவோடு பேச்சு வார்த்தை சரியாகிவிட்டது. பேச ஆரம்பித்தது நான் இல்லை. "பள்ளிக்கூடம் தொறக்கறாங்களே, நோட்டு எத்தனை வேணும்?" என்று அவர்தான் கேட்டார். "ஆறு" என்றேன். அவ்வளவுதான் சமாதானம்.

பதின்மூன்றாவது ஞாயிறு வந்தது. மாடியக்கா வரவில்லை, கடிதமும் இல்லை. அன்று காலை ஆறாவது ஆள் வந்தார். பாங்க் கிளார்க். வெள்ளைச் சட்டை, கையில் குடை. மாடிப்படிவரை போய்ப் பார்த்துவிட்டு, "நாத்தமெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நாளைக்கே சாமானைக் கொண்டாந்துடறேன்" என்றார். எனக்கு எழுத ஒரு காரணமும் மிஞ்சவில்லை.

 அப்பா என்னைக் கூப்பிட்டார். "எங்கடா உன் செடி? கொண்டா."

மூடியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.  மணலில் சுருங்கிப்போன இரண்டு இலை, இரண்டின் முனையிலும் கடுகளவு பச்சை. அப்பா மூடியை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தோலைப் பார்ப்பது போல முதலில் தூரத்தில், பிறகு மூக்குக்குக் கிட்டே. கட்டைவிரலைக் கொண்டுபோனவர் தொடாமல் இழுத்துக்கொண்டார்.

பாங்க் கிளார்க் எட்டிப் பார்த்தார். "இது இன்னாங்க?"

"மாடில குடியிருக்கறவங்க சாமான்" என்றார் அப்பா. "மன்னிச்சுக்கங்க சார். ரூம் காலி இல்ல."

"காலியாத்தானே பூட்டிக் கெடக்குது?"

"ஆள் ஊருக்குப் போயிருக்குது. வந்துடும்."

அவரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார் அப்பா. கதவோரம் நின்ற அக்கா மாடிக்கு ஓடினாள். மூடியை என் கையில் கொடுக்கும்போது, "கட் பீஸ்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆனா ஃபர்ஸ்ட்."

உள்ளே போய் நோட்டைத் திறந்தேன். ஐந்து பேருக்கும் நேராக நான் எழுதியிருந்த நாற்றத்தை ஒவ்வொன்றாக அடித்தேன். பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கட்டங்களைக் காலியாக விட்டேன்.

பதினைந்தாவது ஞாயிறு பாசஞ்சரில் மாடியக்கா வந்து இறங்கினாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூடை. இளைத்திருந்தாள், கறுத்திருந்தாள். "அப்பா எழுந்து நடக்கறார். இடது கால் மட்டும் இழுக்குது. தங்கச்சி பாத்துக்கறா" என்றாள். மேலே டைப் சத்தம் நின்றது. அக்கா பதினோரு படியையும் நான்கு தாவலில் இறங்கி வந்தாள்.

"பரீட்சைக்கு எத்தனை வாரம் இருக்கு?"

"ஏழு."

"போதும்" என்றாள் மாடியக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கே என் முப்பத்தொண்ணு?"

மூடியைக் காட்டினேன். இரண்டு பச்சைப் பொட்டு. ஒன்றில் நான்கு இலை, மற்றதில் மூன்று; ஒவ்வொன்றும் அரிசியில் பாதி. "ஏழு" என்றேன். அம்மாவின் டம்ளர், அக்காவின் கை, அப்பாவின் உப்பு எல்லாவற்றையும் அளவோடு சொன்னேன். அப்பாவை நீ என்று சொன்னதையும் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தெருவில் யாரோ வருவது போல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாடியக்கா அவரிடம் கேட்டாள்: "நான் சொன்ன நாளைத் தாண்டிடுச்சு. தகவலும் எழுத முடியல. ரூம் கேட்டு யாருமே வரலைங்களா?"

"இந்த நாத்தத்துக்கு எவன் வர்றான்?" என்றார் அப்பா. "ஒருத்தன் வரல."

அவளுக்குச் சந்தேகம். வீட்டில் எண்ணுகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்து, "நெஜமாடா? ஒருத்தர் கூடவா வரல?" என்று கேட்டாள்.

நோட்டு என் கக்கத்தில் இருந்தது. அதில் ஆறு பேர்.

"ஒருத்தர் கூட வரலக்கா" என்றேன்.

அப்பா குனிந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.